நாகரிகங்களுக்குச் சாவு நாள் குறிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வரலாறு சொல்லும் யூடியூப் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருடைய வீடியோக்களை விடாமல் பார்க்கிறவன் நான். வரலாறு என்றாலே ஆண்டுகளை மனப்பாடம் செய்வதுதான் என்று பள்ளியிலேயே வெறுத்துப்போன பிள்ளைகளை மொஹஞ்சதாரோவைப் பற்றியும் ரோமைப் பற்றியும் டீக்கடையில் பேச வைத்திருக்கிறீர்கள், அது சின்ன காரியம் இல்லை. அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் கொஞ்ச காலமாக உங்கள் சேனல்களில் ஒரே கதைதான் வேறு வேறு பெயரில் வருகிறது: ஒரு நாகரிகம் பிறந்தது, வளர்ந்தது, கொழுத்தது, பேராசைப்பட்டது, மர்மமாகச் செத்தது, அடுத்து நாம்தான். இந்தச் சாவுக் கதையில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற மக்கள் காணாமல் போகிறார்கள், அவர்களுக்குக் கேடு செய்தவர்களும் கூடவே தப்பித்துப் போகிறார்கள். என் மனக்குறை இதுதான், மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

முதலில் அந்த 250 வருஷக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எந்தப் பேரரசும் 250 ஆண்டுக்கு மேல் தாங்காது, அமெரிக்கா 1776-இல் தொடங்கியது, ஆக 2026-இல் முடிகிறது என்று எத்தனை வீடியோக்கள்! இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது சொன்னீர்களா? ஜோர்டானின் அரபுப் படைக்குத் தலைமை தாங்கிய ஜான் கிளப் என்ற பிரிட்டிஷ் தளபதி, ஓய்வு பெற்ற பிறகு 1970-களில் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஓட்டோமான் பேரரசுக்கு அவர் கொடுத்திருக்கும் ஆயுள் 1320 முதல் 1570 வரை. ஆனால் அதே ஓட்டோமான்கள் 1683-இல் வியன்னாவை முற்றுகையிட்டு நின்றார்கள், சுல்தான் பதவியே 1922-இல்தான் ஒழிக்கப்பட்டது. 350 வருஷத்தைக் கத்தரித்தால்தான் கணக்கு சரியாக வருகிறது. ரோமை அவர் இரண்டாக வெட்டுகிறார், குடியரசு தனி, பேரரசு தனி, அந்தப் பேரரசையும் கி.பி. 180-இலேயே முடித்துவிடுகிறார், மேற்கு ரோமில் கடைசிப் பேரரசர் பதவியிலிருந்து இறக்கப்பட்டது 476-இல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும்! முடிவை முன்னாலேயே வைத்துக்கொண்டு தொடக்கத்தையும் இறுதியையும் நகர்த்தினால் எந்த எண்ணை வேண்டுமானாலும் வரவழைக்கலாம்.

நம் ஊர்க் கணக்கையே போட்டுப் பாருங்களேன். விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தது 850 வாக்கில், மூன்றாம் ராஜேந்திரனோடு சோழராட்சி மறைந்தது 1279-இல். நானூறுக்கும் மேல். சரி, பாண்டியர்களை என்ன செய்வீர்கள்? அசோகரின் பாறைக் கல்வெட்டிலேயே அவர்கள் பெயர் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் கடுங்கோனோடு திரும்ப எழுகிறார்கள், பத்தாம் நூற்றாண்டில் சோழர்களிடம் நாட்டை இழக்கிறார்கள், 1216-இல் அரியணை ஏறிய சுந்தரபாண்டியன் சோழ நாட்டுக்குள்ளேயே படையோடு போகிறான், 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு மதுரையைக் குலைக்கிறது, அதற்கப்புறமும் தென்காசியில் பாண்டியர்கள் இருக்கிறார்கள். இதில் பிறப்பு எது, இறப்பு எது? ஒருவன் இத்தனை தடவை செத்துப் பிழைக்க முடியாது, ஏனென்றால் அரசமரபு என்பது ஒரு உடம்பு கிடையாது.

உடம்பாகப் பார்ப்பது பழைய பழக்கம்தான். ஜெர்மானியரான ஓஸ்வால்ட் ஸ்பெங்லர் அதை ஒரு பெரிய தத்துவமாகவே கட்டினார். ஒவ்வொரு பண்பாட்டுக்கும் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் உண்டு, சுமார் ஆயிரம் ஆண்டில் அது முடியும் என்றார். அவருடைய முதல் தொகுதி வெளிவந்தது 1918-இல், ஜெர்மனி உலகப் போரில் தோற்ற வருடம். தோற்று நின்ற ஒரு நாட்டு வாசகனுக்கு 'இது யார் தப்பும் இல்லை, பருவம் மாறிவிட்டது' என்று கேட்பது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அந்த ஆறுதல்தான் இந்தச் சிந்தனையிலேயே ஆபத்தான பகுதி என்று நான் நினைக்கிறேன். பருவம் மாறினால் யாரையும் கேள்வி கேட்க முடியாது.

அரபு வரலாற்றாசிரியர் இப்ன் கல்தூனை நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறீர்கள், நல்லது, அவர் கொண்டாடப்பட வேண்டிய மனிதர். ஆனால் அவரை ஒரு வட்டப் படமாகச் சுருக்கிவிடாதீர்கள். 1332-இல் துனிஸில் பிறந்தவர், பதினாறு பதினேழு வயதில் கொள்ளைநோயில் பெற்றோரைப் பறிகொடுத்தவர், அரசவைகளில் வேலை பார்த்து, சிறையும் பார்த்து, 1377-இல் இன்றைய அல்ஜீரியாவில் ஒரு ஒதுக்குப்புறமான கோட்டையில் உட்கார்ந்து முகத்திமா என்ற வரலாற்று நூலை எழுதியவர். ஒரு அரசமரபு மூன்று தலைமுறை, ஏறத்தாழ 120 வருடம் நிற்கும் என்று அவர் சொன்னது உண்மைதான். அதற்கு அவர் காட்டிய காரணங்களைப் பாருங்கள், அங்கேதான் அவருடைய பெருமை. பாலைவனத்திலும் மலையிலும் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கும் கூட்டம் நகரத்தைப் பிடிக்கிறது. ஆட்சியில் அமர்ந்ததும் அரசன் தன் சொந்தக் கூட்டத்தையே தள்ளிவைத்து, கூலிக்கு வந்த படையை நம்புகிறான். படைக்கும் ஆடம்பரத்துக்கும் பணம் வேண்டும், வரி ஏறுகிறது. வரி ஏற ஏற உழுகிறவனும் வணிகம் செய்கிறவனும் கையைக் கட்டிக்கொள்கிறான், வருமானம் குறைகிறது. தொடக்கத்தில் குறைந்த வரியில் நிறைய வருமானம், கடைசியில் நிறைய வரியில் குறைந்த வருமானம் என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுதினார். அவருடைய வீழ்ச்சியில் யார் என்ன செய்தார்கள், எந்தப் பணம் எங்கே போனது என்பது இருக்கிறது. அவர் பேசியதும் பெரும்பாலும் வட ஆப்பிரிக்க அரசமரபுகளைப் பற்றித்தான், ஒரு மக்கள்திரளின் மொத்த வாழ்வுக்கும் அவர் தேதி குறிக்கவில்லை. அப்புறம், கஷ்டகாலம் வலுவான ஆண்களை உண்டாக்கும், நல்ல காலம் பலவீனர்களை உண்டாக்கும் என்று பழைய ஞானிகள் பெயரில் சுற்றுகிற அந்த வாசகம் 2016-இல் வந்த ஒரு அமெரிக்க நாவலில் இருப்பது. தயவுசெய்து அதை இவர் தலையில் கட்ட வேண்டாம்.

பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவுக்கு வருகிறேன். அந்த வீடியோக்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நீங்கள் சொல்லும் கதை இது: அந்தத் தீவு மக்கள் சிலை செய்யும் வெறியில் மரத்தையெல்லாம் வெட்டினார்கள், கடைசி மரத்தையும் வெட்டினார்கள், படகு கட்டக்கூட மரமில்லை, பசியில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு அழிந்தார்கள், இதுதான் பூமிக்கும் நடக்கப்போகிறது. காடு போனது உண்மை. பனை மரங்கள் போயின. மனிதர்கள் வெட்டியதும் எரித்ததும் ஒரு காரணம், படகில் கூடவே வந்த எலிகள் பனங்கொட்டைகளைத் தின்று தீர்த்ததும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் காடு போனதோடு மக்களும் போனார்களா? அவர்கள் வயலில் கற்களைப் பரப்பி ஈரத்தையும் மண்ணையும் காப்பாற்றி சர்க்கரைவள்ளி பயிரிட்டார்கள். 2024-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த 15 ரப்பா நூயி (ஈஸ்டர் தீவின் பூர்வகுடி) மக்களின் எச்சங்களிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் மக்கள்தொகை சரிந்ததற்கான தடயமே இல்லை, 1860-கள் வரை மெதுவாகப் பெருகிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

1860-களில் என்ன நடந்தது? உங்கள் வீடியோக்களில் இல்லாத பகுதி இது. 1862-இலும் 63-இலும் பெருவிலிருந்து கப்பல்கள் வந்து சுமார் 1,500 பேரை அடிமை வேலைக்குப் பிடித்துப் போயின. அவர்களில் தலைவர்களும் இருந்தார்கள், அந்தத் தீவின் ரொங்கோரொங்கோ எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் அங்கேயே செத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு திருப்பி அனுப்பப்பட்ட சிலர் பெரியம்மையோடு கரை இறங்கினார்கள், தீவே சாய்ந்தது. 1877-இல் எஞ்சியவர்கள் 111 பேர். 1888-இல் சிலி தீவை எடுத்துக்கொண்டது, பிறகு தீவின் பெரும்பகுதி ஆட்டுப்பண்ணையாகக் குத்தகைக்குப் போனது, சொந்த மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைக்கப்பட்டார்கள். 1966-இல்தான் அவர்களுக்குச் சிலியின் முழுக் குடியுரிமை கிடைத்தது.

இவ்வளவும் எழுத்தில் பதிவாகி இருக்கிறது. இதை விட்டுவிட்டு 'தன் அழிவைத் தானே தேடிக்கொண்ட தீவு' என்று தம்ப்நெயில் போடும்போது, கொள்ளை போன வீட்டுக்காரனையே திருடன் என்று சொல்வதுபோல் ஆகிறது. சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்ற உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. அந்த அக்கறைக்கு ஈரக்குலை நடுங்கும் உதாரணம் ஒன்று தேவைப்பட்டது, அது கிடைத்தது, யாரும் சரிபார்க்கவில்லை. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தீவில் இருக்கிறார்கள், தங்கள் மொழியையும் நிலத்தையும் மீட்கப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாயன்கள் கதையிலும் இதே குறைதான். 'மர்மமாக மறைந்த மாயன்கள்' என்ற தலைப்பை இனி யாரும் போடக்கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். மறைந்தது என்ன? இன்றைய குவாத்தமாலா, அதையொட்டிய தாழ்நிலக் காட்டுப் பகுதிகளில் ஒன்பதாம் நூற்றாண்டில் அரசர்கள் தேதி பொறித்த கல் நாட்டுவதை நிறுத்தினார்கள். டிக்கால் நகரில் கடைசியாகத் தேதியிட்ட நடுகல் 869-ஐச் சேர்ந்தது, டோனினாவில் 909. கடும் வறட்சிகள் வந்தன, ஏரிப் படிவுகள் அதைக் காட்டுகின்றன. போர்கள் ஓயவில்லை. மழையைத் தருவேன் என்று வாக்குக் கொடுத்த அரசனால் மழையைத் தர முடியவில்லை என்றால் அவனுக்காக ஏன் கல் சுமக்க வேண்டும்? மக்கள் கலைந்தார்கள். அதே சமயம் வடக்கே யுகட்டானில் சிச்சென் இட்சா நகரம் ஓங்கியது, பிறகு மாயாபான் நகரம் வந்தது. கடைசி மாயன் அரசு, ஒரு ஏரித் தீவில் இருந்த நோஹ்பெத்தென், ஸ்பானியரிடம் விழுந்தது 1697-இல். அதாவது நீங்கள் 'மறைந்தார்கள்' என்று சொல்வதற்குப் பிறகு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்து! இடையில் 1562-இல் மானி என்ற ஊரில் தியேகோ தே லாண்டா என்ற பாதிரியார் அவர்களுடைய சுவடிகளைக் குவித்துக் கொளுத்தினார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. மர்மம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு அந்த நெருப்பில் உண்டானது என்று யோசித்துப் பாருங்கள்.

மாயன் மொழிகளை இன்றும் பல லட்சம் பேர் வீட்டில் பேசுகிறார்கள், ஏறத்தாழ முப்பது மொழிகள். 1992-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ரிகோபெர்த்தா மெஞ்சு ஒரு கிச்சே மாயன் பெண். 1960 முதல் 1996 வரை குவாத்தமாலாவில் நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயன்கள் என்று ஐ.நா. துணையோடு அமைந்த உண்மை ஆணையம் 1999-இல் அறிக்கை கொடுத்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மறைந்துபோனதாக நாம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மக்கள்மேல், நாம் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இனப்படுகொலை நடந்திருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தோடு தாய்மார் வீதியில் உட்காருவது என்றால் என்னவென்று தமிழ் வாசகர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இதில் நாம் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

சிந்துவெளிக்கு வந்தால், அங்கே பழைய தவறே நமக்கு நல்ல பாடம் வைத்திருக்கிறது. மொஹஞ்சதாரோவின் மேல்மட்டங்களில் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1947-இல் ஒரு படுகொலைக் கதை சொன்னார், ஆரியர்கள் படையெடுத்து அழித்தார்கள் என்று அவர்களுடைய வேதக் கடவுளான இந்திரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். 1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற தொல்லியலாளர் அந்தச் சான்றுகளைத் திரும்பப் பார்த்தார். நாற்பதுக்கும் குறைவான எலும்புக்கூடுகள், அவையும் ஒரே காலத்தவை அல்ல, பெரும்பாலானவற்றில் வெட்டுக்காயம் இல்லை, போர் நடந்திருந்தால் முதலில் எரிந்திருக்க வேண்டிய கோட்டைமேட்டில் சண்டைக்கான தடயம் இல்லை. அறுபது வருஷம் ஆகியும் அந்தப் படுகொலை இன்னும் உங்கள் அனிமேஷனில் ஓடுகிறது. அதைக் கைவிட்டவர்கள் இப்போது 'ஒரே வறட்சி, முடிந்தது' என்கிறார்கள். பருவமழை கி.மு. 2200 வாக்கில் தளர்ந்தது பெரிய காரணம்தான். ஆனாலும் நகரங்கள் அடங்கியது கி.மு. 1900 சுமாருக்கு, பல தலைமுறைகள் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நின்றுபோனவை என்னென்ன என்று பட்டியல் போட்டால் கதை தெளிவாகிறது: முத்திரைகள், எழுத்து, அந்த அழகான கனசதுர எடைக்கற்கள், மெசபடோமியாவோடு கடல் வாணிபம். தொடர்ந்தவை: ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம், குஜராத் பக்கம் பெருகிய சிறு ஊர்கள், சிறுதானியம், நெல், மட்பாண்டம், மணி செய்யும் கைத்திறன். வணிகனும் முத்திரை வைத்திருந்த அதிகாரியும் எல்லாவற்றையும் இழந்தான். வரப்போரம் நின்ற விவசாயி எதை இழந்தான், எதிலிருந்து விடுபட்டான்? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு முழு வீடியோ செய்யலாம், யாராவது செய்யுங்கள்.

இதைப் படிக்கும் சிலருக்கு, வீழ்ச்சி என்பதே கிடையாது என்று நான் சொல்ல வருவதாகத் தோன்றலாம். அப்படி இல்லை. ரோமானிய ஆட்சி போனபிறகு ஐந்தாம் நூற்றாண்டில் பிரிட்டனில் சக்கரத்தில் வனைந்த பானை மறைந்தது, ஓட்டுக்கூரை மறைந்தது, அன்றாடப் புழக்கத்தில் நாணயம் மறைந்தது. 537-இல் முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் ரோம் நகரத்துக்கு நீர் கொண்டுவந்த கால்வாய்களை வெட்டினார்கள், ஒருகாலத்தில் பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் நகரம் சில பத்தாயிரங்களுக்குச் சுருங்கியது. இதையெல்லாம் வெறும் 'மாற்றம்' என்று மெழுகுகிற ஆய்வாளர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. குடிக்கும் தண்ணீர் நின்றது நின்றதுதான். ஆனால் அதே 'ரோம்' கிழக்கே கான்ஸ்டான்டிநோபிளில் 1453 வரை வாழ்ந்தது, அந்த மக்கள் கடைசிநாள் வரை தங்களை ரோமர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ரோமின் வீழ்ச்சிக்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்களை அலெக்சாண்டர் டெமான்ட் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர் 1984-இல் தொகுத்தார், 210 வந்தது. உங்கள் பத்து நிமிட வீடியோவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'உண்மைக் காரணம் இதுதான்' என்கிறீர்கள். பெரும்பாலும் அது இன்றைக்கு உங்களுக்குப் பிடிக்காத ஒன்றாகவே இருக்கிறது: ஒருவருக்குக் குடியேறிகள், இன்னொருவருக்குப் பெண்கள் பெற்ற சுதந்திரம், வேறொருவருக்கு வரி.

களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்பதும் இதே வகைதான். வேள்விக்குடிச் செப்பேட்டில் களப்பிரர்கள் வில்லன்களாக வருகிறார்கள், ஏனென்றால் அது அவர்கள் பறித்த பிரமதேய ஊரை (பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊரை)த் திரும்பப் பெற்றவருக்காக, அவர்களுக்குப் பின் வந்த பாண்டியன் எட்டாம் நூற்றாண்டில் கொடுத்த பட்டயம். பூலாங்குறிச்சிக் கல்வெட்டு வெளிவந்த பிறகு அந்தக் காலத்திலும் நிலக்கொடை, நிர்வாகம், எழுத்து எல்லாம் நடந்தது தெரிகிறது. அந்த இருட்டு யாருக்கு இருட்டு என்று உங்கள் நேயர்களிடம் கேளுங்கள்.

எனக்கு இதில் இவ்வளவு வேகம் ஏன் என்றால், இந்த வீடியோக்களைப் பார்க்கிற பதினாறு வயதுப் பையனும் பெண்ணும் வெளியே போகும்போது ஒரு நம்பிக்கையோடு போகிறார்கள்: எல்லாம் ஒருநாள் அழியும், அது இயற்கை, நாம் செய்ய ஒன்றும் இல்லை. ஏரி வறண்டால் நாகரிகத்தின் முதுமை. வேலை இல்லை என்றால் சுழற்சியின் நான்காம் கட்டம். மதகைப் பழுது பார்க்காமல் விட்டது யார், ஏரிக்குள் பட்டா போட்டுக் கொடுத்தது யார் என்ற கேள்வி அவர்கள் மனதில் எழுவதே இல்லை. வரலாறு அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் கற்றுத்தர வேண்டும். நீங்கள் அதைச் செய்யக்கூடியவர்கள், உங்களுக்குக் குரல் இருக்கிறது, கதை சொல்லத் தெரியும், பார்க்க ஆள் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். ஈஸ்டர் தீவு வீடியோ போட்டவர்கள் 1862-ஐச் சேர்த்து இன்னொரு வீடியோ போடுங்கள், பழையதன் கீழே அதன் இணைப்பைப் பொருத்துங்கள். மாயன்களைப் பற்றி அடுத்து பேசும்போது 909-இல் நிறுத்தாமல் 1697-க்கும் 1996-க்கும் வாருங்கள், ஒரு மாயன் மொழியில் பாடுகிற இன்றைய பிள்ளைகளின் குரல் ஒரு நிமிடமாவது கேட்கட்டும். 250 வருஷக் கணக்கைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் கிளப்பின் பட்டியலைத் திரையில் காட்டி, ஓட்டோமான் வரியில் விரலை வைத்து நேயர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். வியூஸ் கொஞ்சம் குறையலாம். முதல் ஆளாக நான் பார்க்கிறேன், என் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நேயர் ஒருவன்